மூக்கறுத்த பெருமை

மூச்சுத் திணறலை அழகென்று மெச்சும் ஒரு கூட்டம் நம் நகரங்களிலே பெருகிவிட்டது. படுத்தால் குறட்டை; எழுந்தால் இளைப்பு; வெயிலில் நாலு தெரு நடந்தால் தள்ளாட்டம். இத்தனையும் ஒரு சின்னஞ்சிறு பிராணியின் உடலில் குடிகொண்டிருக்க, அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "எவ்வளவு அருமையாகக் குறட்டை விடுகிறது பாருங்கள்!" என்று வந்தவரிடமெல்லாம் காட்டி மகிழ்கிறார்கள். பெற்ற குழந்தை இப்படி மூச்சு வாங்கினால் நள்ளிரவென்றும் பாராமல் மருத்துவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள்தாம் இவர்களும்!

பக் என்னும் சிறு நாயைப் பற்றித்தான் பேசுகிறோம். பெயர் தெரியாதவர்க்கும் முகம் தெரியும். 2003-இல் ஹட்ச் என்ற கைப்பேசி நிறுவனம் ஒரு விளம்பரப் படம் வெளியிட்டது. சிறுவன் போகுமிடமெல்லாம் ஒரு பக் அவன் பின்னே ஓடியது. 2007-இல் ஹட்ச் வோடபோன் ஆயிற்று. நாயும் நம் மக்கள் வாயில் 'வோடபோன் நாய்' ஆயிற்று! சொந்தப் பெயரை இழந்து, ஒரு வாணிகத்தின் பெயரைச் சுமந்துகொண்டு, அது நம் வீடுகளுக்குள் நுழைந்தது. படத்திலே அது ஓடியது சில நொடிகள். வாங்கியவர் வீட்டிலே அது கடக்கவேண்டியதோ பத்துப் பன்னிரண்டு கோடைகள்.

நாயைப் பற்றி எழுதவா இந்த ஏடு, மனிதன் துயரே மலையென நிற்கையில்? என்று கேட்கும் தோழர்கள் இருப்பார்கள். கேட்கட்டும். பிறப்பால் உயர்வு, இரத்தத்தில் தூய்மை, கலந்தால் மாசு என்ற பழைய பாட்டை நாம் வாழ்நாளெல்லாம் மறுத்து வருகிறோம். அந்தப் பாட்டை ஒரு உயிரினத்தின் மேல் தங்குதடையின்றி, 150 ஆண்டுக்காலம் நடத்திப் பார்த்தால் என்ன விளையும் என்பதற்குச் சான்று வேண்டுமா? இதோ, நம் காலடியிலே மூச்சிறைத்துக் கிடக்கிறது. ஏட்டிலே எழுதிய பொய்யை எதிர்த்து வாதாடலாம். எலும்பிலே எழுதிவிட்ட பொய்யை என் செய்வது?

முதலில் அந்த எலும்பைப் பார்ப்போம். நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. பாதத்தின் அடியிலே சிறிது வியர்க்கும், அவ்வளவே. உடற்சூட்டை வெளியேற்ற அதற்கு இயற்கை தந்த வழி, நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது. நீண்ட மூக்கினுள்ளே சுருள் சுருளாக மெல்லிய எலும்புகள் உண்டு. அவற்றின் ஈரப் பரப்பில் காற்றுப் பட்டு, ஈரம் ஆவியாகி, குருதி குளிர்கிறது. ஆக, நாயின் மூக்கு மோப்பக் கருவியாக மட்டும் இருப்பதில்லை; உடலைக் குளிர்விக்கும் பொறியும் அதுவே. பக் நாயிடம் அந்தப் பொறியைத்தான் மனிதன் பறித்தான்.

பறித்தவன் முழுதாகவும் பறிக்கவில்லை. எலும்பு குறுகிற்றே தவிர, எலும்பைச் சுற்றியிருந்த தசை அந்த அளவுக்குக் குறுகவில்லை. ஒரு வீட்டைப் பாதியாக இடித்துவிட்டு, பழைய வீட்டின் தட்டுமுட்டுச் சாமான் அத்தனையையும் மிச்சமிருக்கும் அறைக்குள் திணித்தால் எப்படியிருக்கும்? அப்படி இருக்கிறது அந்த மண்டைக்குள். மெல்லண்ணம் நீண்டு தொங்கி மூச்சுக்குழலின் வாயை மறைக்கிறது. மூக்குத் துளைகள் துளைகளாக இல்லாமல் கீறல்களாக இருக்கின்றன. கண்குழி ஆழமின்றிப் போனதால் விழி வெளியே பிதுங்கி நிற்கிறது. இமை முழுதும் மூடாத நாய்களும் உண்டு. தூசு பட்டாலும் நகம் பட்டாலும் கருவிழியில் புண். முகத்துத் தோல் மடிந்து மடிந்து கிடப்பதால் மடிப்புக்குள் ஈரம் தங்கிச் சீழ் வைக்கிறது. சுருண்ட வாலைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்களே, அந்தச் சுருளே முள்ளெலும்பு கோணியதன் அடையாளம்! அக்கோணல் வாலோடு நிற்காமல் முதுகுவரை ஏறிவிட்டால் பின்னங்கால்கள் விழுந்துவிடுவதும் உண்டு.

மிகைப்படுத்துகிறோம் என்பார்கள். இலண்டனிலுள்ள அரச கால்நடை மருத்துவக் கல்லூரி 2022-இல் வெளியிட்ட ஆய்வு பேசட்டும். 4,308 பக் நாய்களின் மருத்துவக் குறிப்புகளையும், பிற நாய்கள் 21,835-இன் குறிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். மூச்சுப்பாதை அடைப்பு நோய் பக் நாய்க்கு ஏறத்தாழ 54 மடங்கு அதிகம். மூக்குத்துளைக் குறுக்கம் 51 மடங்கு. கருவிழிப் புண் 13 மடங்கு. தோல்மடிப்பு அழற்சி 11 மடங்கு. உடல்நலத்தைப் பொறுத்தவரை பக் நாயை இனி ஒரு 'வழக்கமான நாய்' என்று கருதவே இயலாது என்பது அவர்கள் கண்ட முடிவு. நாயை நாயாக இருக்கவிடாத பேரன்பு இது!

இந்த மூக்கு பிறவியிலேயே இப்படித்தான் என்று சாதிப்பவர்களுக்கு வரலாறு விடை சொல்கிறது. பக் சீனத்திலே தோன்றிய நாய். அங்கே அரண்மனைகளில் வளர்ந்தது. டச்சு வணிகர் வழியே ஐரோப்பாவுக்கு வந்தது. ஆரஞ்சு வில்லியமும் மேரியும் இங்கிலாந்தின் அரியணை ஏறிய காலத்திலே இங்கிலாந்துச் சீமான்களின் வீடுகளிலும் செல்வாக்குப் பெற்றது. வில்லியம் ஹோகார்த் என்ற ஆங்கில ஓவியர் 1745-இல் தம்மையும் தம் பக் நாயையும் ஒரே படத்திலே தீட்டினார். டிரம்ப் என்பது அந்த நாயின் பெயர். இலண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படத்தை, வரலாறு நடத்தும் ஆசிரியர் என்ற முறையில், நாம் மாணவர்களுக்கு அச்சுப்படியாகக் காட்டியதுண்டு. "இது என்ன நாய்?" என்று கேட்டால் ஒருவராவது பக் என்று சொல்வதில்லை. காரணம், அந்த நாய்க்கு மூக்கு இருக்கிறது! தெளிவாகத் தெரியும் மூக்கு. நிமிர்ந்து நிற்கும் கால்கள். அரசர்களோடு பழகி, ஓவியரோடு வாழ்ந்த அந்த நாய் மூச்சுவிடத் தெரிந்த நாயாகவே இருந்தது.

பிறகு எப்போது மூக்குப் போயிற்று? 1873-இல் இலண்டனில் கென்னல் கிளப் என்னும் நாயினச் சங்கம் நிறுவப்பட்டது. குலமுறைப் பதிவேடு பிறந்தது. எந்த நாய் எந்த நாய்க்குப் பிறந்தது, அதன் பாட்டன் யார், பூட்டன் யார் என்று எழுதிவைத்து, ஏட்டில் உள்ளது தூயது, ஏட்டில் இல்லாதது இழிந்தது என்று வரம்பு கட்டினார்கள். கண்காட்சி மேடை வந்தது. பரிசுக் கிண்ணம் வந்தது. முகம் தட்டையாயிருந்த நாய்க்குப் பரிசு. அதைவிடத் தட்டையாயிருந்ததற்கு அடுத்த ஆண்டுப் பரிசு. பரிசு பெற்ற ஆண் நாயைத் தேடித் தேடிப் பெண் நாய்களைக் கொண்டுவந்தார்கள். இப்படி ஒரு தலைமுறைக்கு மயிரிழை மயிரிழையாக மூக்கு உள்ளே போயிற்று. மனிதன் தேர்ந்தெடுத்தால் உயிரினத்தின் உருவம் எவ்வளவு விரைவில் மாறும் என்பதைத்தானே டார்வின், 1859-இல் வெளியிட்ட தம் பெருநூலின் முதல் அத்தியாயத்திலேயே, வளர்ப்புப் பிராணிகளைக் காட்டி விளக்கினார்? அந்த அறிவு பிறந்த நாட்டிலே, அந்த அறிஞர் வாழ்ந்துகொண்டிருக்கும்போதே, தேர்ந்தெடுக்கும் ஆற்றலை மூக்கறுக்கவே பயன்படுத்தினார்கள்!

தூய்மைக்கு வேறொரு விலையும் உண்டு. ஒவ்வோர் உயிரும் ஒவ்வொரு பண்புக்கும் தாயிடமிருந்து ஒரு படியும் தந்தையிடமிருந்து ஒரு படியும் பெறுகிறது. ஒரு படி பழுதானால் மறுபடி காப்பாற்றும். நெருங்கிய உறவுக்குள்ளே திரும்பத் திரும்பச் சேர்த்தால் பழுதான படிகள் இரண்டும் ஒரே குட்டியில் வந்து சேரும். இலண்டன் இம்பீரியல் கல்லூரியினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு என்ன சொல்லிற்று தெரியுமா? பிரிட்டனிலே இருந்த ஏறத்தாழ 10,000 பக் நாய்களின் மரபணு வளம், 50 நாய்களிடம் இருக்கக்கூடிய வளத்துக்கே சமம் என்றது. பத்தாயிரம் உடல், ஐம்பது நாய்க்கான சரக்கு! தாய்க்கும் மகனுக்கும், தந்தைக்கும் மகளுக்கும், உடன்பிறந்தவற்றுக்கும் பிறந்த குட்டிகளைப் பதிவேட்டில் ஏற்கமாட்டோம் என்று அந்தச் சங்கம் விதி செய்ததே 2009-இல்தான். அதற்கு முந்தைய ஆண்டு, இந்தச் சீர்கேடுகளைப் பி.பி.சி. தொலைக்காட்சி ஓர் ஆவணப்படமாக்கி ஊரறியச் செய்தது. தான் ஒளிபரப்பிவந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியையும் 2009-இல் கைவிட்டது. மானம் போன பிறகே மாற்றம் வந்தது. அதுவரை 'தூய' நாய் என்று பத்திரம் கொடுத்தவர்கள் எதைத் தூய்மை என்றார்கள் என்று பார்த்தீர்களா?

ஜெர்மனியிலே சிலர் வேறு வழி சென்றார்கள். பக் நாயோடு ஜாக் ரசல் டெரியர் போன்ற நீண்ட மூக்குள்ள நாய்களைக் கலந்தார்கள். சில தலைமுறையில் மூக்குத் திரும்பிற்று; காற்று உள்ளே போயிற்று; நாய் ஓடிற்று. ரெட்ரோமாப்ஸ் என்று அதற்குப் பெயரிட்டார்கள். குலமுறைச் சங்கங்களோ அதை ஓர் இனமாக ஏற்கவில்லை. ஏன்? கலப்பாம்! ஓடுகிற நாய் கலப்பு; விழுகிற நாய் உயர்குலம். இந்தத் தருக்கத்தை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா? கலப்பை மாசென்று பழித்து, நோயைக் குலப்பெருமை என்று பாதுகாக்கும் அந்தக் குரல் கடல் கடந்தாலும் ஒரே குரல்தான்.

இனி மறுப்பாளர்களிடம் வருவோம்.

"எங்கள் நாய் நன்றாகத்தானே இருக்கிறது" என்பது முதல் மறுப்பு. நம்புகிறோம், அப்படிச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. அதே அரச கால்நடை மருத்துவக் கல்லூரியினர் 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மூச்சடைப்பின் அறிகுறிகள் வெளிப்படையாகத் தெரிந்த நாய்களின் உரிமையாளர்களையே கேட்டார்கள்: உங்கள் நாய்க்கு மூச்சுக் கோளாறு உண்டா? 58 விழுக்காட்டினர், இல்லை என்றார்கள்! கண்ணில்லாமலா? அன்பில்லாமலா? வழக்கம் என்னும் திரை. "இந்த இனமே இப்படித்தான்" என்ற மூன்றே சொல், எதிரே நிற்கும் நோயையும் மறைத்துவிடுகிறது. விதி என்று சொல்லி வறுமையை ஏற்கச் செய்தவர்களும் மூன்றே சொல்லில்தான் காரியத்தை முடித்தார்கள்.

"இனம் அழிந்துவிடுமே" என்பது அடுத்தது. இனம் என்று எதைச் சொல்கிறார்கள்? ஹோகார்த்தின் நாயையா, இன்றைய நாயையா? அந்த நாயை அழித்தவர்களே இந்த நாயைக் காட்டி அழிவைப் பற்றி அழுகிறார்கள்.

"வளர்ப்பவன் உரிமையில் அரசு தலையிடலாமா?" என்பது மூன்றாவது. இதைத்தான் உரத்துச் சொல்கிறார்கள். நெதர்லாந்து அரசு 2019-இல் அளவுகோல் வகுத்தது: மூக்கின் நீளம் மண்டையோட்டு நீளத்தில் பத்தில் மூன்று பங்குகூட இல்லாத நாயைக் கொண்டு குட்டி ஈனச் செய்யக் கூடாது. நார்வேயில் கவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் என்ற மற்றொரு மடிநாயின் வழக்கு ஆஸ்லோ நீதிமன்றத்தில் தொடங்கி, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவ்வினத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்வது விலங்குநலச் சட்டத்துக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாய் வளர்க்கும் உரிமையை யாரும் பறிக்கவில்லை. நோயைத் தெரிந்தே பிறப்பிக்கும் உரிமை ஒருவர்க்கும் இல்லை என்றார்கள், அவ்வளவே.

நம் தமிழ்நாட்டிலும் 2024-இல் அரசு ஒரு நாய் இனப்பெருக்கக் கொள்கையை வெளியிட்டது. இந்நாட்டுத் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத 11 அயல் இனங்களைப் பெருக்கக் கூடாது என்றது. பனிநாட்டு ஹஸ்கியும் செயின்ட் பெர்னார்டும் அதிலே உண்டு. நம் பக் நாயும் உண்டு. உடனே கொதித்தெழுந்தார்கள். சென்னையிலேயே தலைமையகம் கொண்ட இந்தியக் கென்னல் கிளப் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. நீதிமன்றத்தின் வழி நீதிமன்றத்துக்கு. அதில் நாம் நுழையவில்லை. நாம் கேட்பது வேறு. சித்திரை வெயிலிலே சென்னையின் தார்ச்சாலை கொதிக்கிறது. நீண்ட மூக்குள்ள தெரு நாயே சாக்கடை ஓரத்து ஈரத்தைத் தேடிப் படுக்கிறது. மூக்கே இல்லாத நாயை இவ்வூரில் பெருக்கி விற்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது? குளிர்சாதன அறையில் வளர்ப்போம் என்கிறார்கள். மின்சாரம் நின்றால் மூச்சும் நிற்கவேண்டிய உயிரைப் படைப்பது எந்த வகை அன்பு?

இந்த இடத்தில் நம்மவர்க்கும் ஒரு சொல். அயல் நாய் வேண்டாம் என்றவுடன் "ராஜபாளையம் வாழ்க, சிப்பிப்பாறை வாழ்க" என்று கொடி பிடிக்கப் புறப்படுகிறவர்கள் சற்று நில்லுங்கள். மாசற்ற வெள்ளைதான் ராஜபாளையத்தின் மாண்பு என்று நிறம் பார்த்துச் சேர்க்கப் போய், காது கேளாத குட்டிகள் பிறப்பதை வளர்ப்பவர்களே அறிவார்கள். தூய்மைப் பித்து தமிழ் பேசினால் மட்டும் தெளிந்துவிடாது.

ஆனால், ஏற்கெனவே வீட்டிலிருக்கும் பக் நாயை என்ன செய்வது? தெருவில் விடுவதா? அதைவிடக் கொடுமை வேறில்லை. அது செய்த குற்றம் ஏதுமில்லை. மூக்கில்லாமல் பிறக்க அது விண்ணப்பிக்கவும் இல்லை. வாங்கியவர்கள் அதை அறிவோடு காப்பாற்றக் கடமைப்பட்டவர்கள்.

முதலாவது, கொழுக்க விடாதீர்கள். எட்டுக் கிலோவுக்குள் இருக்கவேண்டிய உடல் அது. கழுத்தில் ஏறும் கொழுப்பு, மிச்சமிருக்கும் மூச்சுப்பாதையையும் நெரிக்கும். பிஸ்கட்டும் இனிப்பும் ஊட்டுவது பாசமாகாது. விலா எலும்பு பார்வைக்குத் தெரியாமல், தடவினால் கைக்குத் தட்டுப்படவேண்டும், அதுவே அளவு. கழுத்துப்பட்டையைக் கழற்றி எறியுங்கள். மார்பைச் சுற்றிப் பூட்டும் வார் போதும். நடை பழக்குவது வெயில் ஏறுமுன் அல்லது நன்றாக இருட்டிய பின். முகத்து மடிப்புகளை நாள்தோறும் ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றவேண்டும்; துடைத்துவிட்டு ஈரமாகவே விடுவது துடைக்காததைவிடக் கெடுதல். கண் சிவந்தாலோ, சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாலோ நாளை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. கருவிழிப் புண் ஓரிரு நாளில் பார்வையைக் கொண்டுபோய்விடும்.

வெயிலில் மூச்சு வாங்கி, எச்சில் நூலாக வடிந்து, ஈறு கருஞ்சிவப்பாகவோ நீலமாகவோ மாறினால் அது வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய், உடலெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறியைச் சுழலவிட்டு, அந்த நிலையிலேயே மருத்துவரிடம் ஓடவேண்டும். ஈரத்துணியைப் போர்த்தி மூடாதீர்கள். சூடு உள்ளேயே தங்கும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால், உட்கார்ந்தபடியே தூங்க முயன்றால், மூக்குத் துளையை அகலப்படுத்தி மெல்லண்ணத்தைக் குறைக்கும் அறுவை உண்டு. நாய் இளமையாக இருக்கும்போதே செய்வது நல்லது. மனிதன் அடைத்த வழியை மனிதனே கத்தி கொண்டு திறந்துவிடவேண்டியிருக்கிறது!

இன்னொன்றும் நடக்கும். அடுத்த தெருக்காரர் ஒருவர் ஒருநாள் உங்கள் வாசலில் வந்து நிற்பார். "எங்களிடம் பெண் இருக்கிறது, சார். உங்களுடையது நல்ல தட்டை முகம். ஜோடி சேர்க்கலாமா? பத்திரம் இருக்கிறதா?" என்று சம்பந்தம் பேசுகிற முறையிலேயே கேட்பார். குட்டியில் ஒன்று உங்களுக்கு என்று ஆசையும் காட்டுவார். அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். உங்கள் நாய் தூங்கும்வரை பேசிக்கொண்டிருந்து, அது விடும் மூச்சைக் கேட்கச் சொல்லுங்கள். பிறகு, கருத்தடை செய்துவிட்டோம் என்று சொல்லி அனுப்புங்கள். செய்யவில்லையென்றால் மறுநாளே போய்ச் செய்துவிடுங்கள். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம், இது பக் நாய், விழிக்கும்வரை மூச்சைக் கவனியுங்கள் என்று மறவாமல் சொல்லுங்கள்.